முட்டையெல்லாம் எங்கே போயிற்று

முட்டை விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். தினமும் நூற்றுக்கு மேல் முட்டை என் கண்முன்னால் வேகும். எது தண்ணீரில் மிதக்கும், எது உரிக்கும்போது ஓட்டோடு வெள்ளையையும் பிய்த்துக்கொண்டு வரும், எந்தப் பிள்ளை மஞ்சளை மட்டும் சுவரோரம் வீசிவிட்டுச் சமர்த்தாகக் கை கழுவும், எல்லாம் எனக்கு அத்துப்படி. அப்படிப்பட்ட என் வீட்டிலேயே ஒரு மனிதர் ஏழு மாதம் தினமும் ஆறு முட்டை தின்றார். தின்னத் தின்ன இளைத்துக்கொண்டே போனார். அந்த முட்டையெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மனிதர் என் வீட்டுக்காரர். கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் அவரைப் பிடிப்பது கஷ்டம். இந்தப் பக்கம் பண்ருட்டி ரோடு, அந்தப் பக்கம் பாகூர் எல்லை வரைக்கும் போய் லோடு ஏற்றி வருவார். டிரெய்லரில் கரும்புக் கட்டு சரிந்தால் ஆளைக் கூப்பிடாமல் தானே தோள் கொடுத்துத் தள்ளுகிற உடம்பு. திருவந்திபுரம் கோவிலில் எங்கள் கல்யாணம் நடந்த அன்று ஒரே முகூர்த்தத்தில் எத்தனையோ ஜோடி. அந்த நெரிசலில் என்னைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் படி தாண்டி வைத்தார் என்று என் வீட்டில் இன்னும் கேலி பண்ணுவார்கள்.

முதலில் செருப்பு வார் பிடித்தது. புதுச் செருப்பு வாங்கினோம். அதுவும் பிடித்தது. பிறகு கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒரு மாதத்தில் வயிறு முன்னே வந்துவிட்டது. கைலியைத் தொப்புளுக்குக் கீழே கட்ட ஆரம்பித்தார். அடிக்கடி வயிற்றுப்போக்கு வேறு. ஆனால் கை மட்டும் மெலிந்துகொண்டே போனது. ஒருநாள் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் சத்துணவு மையத்துச் சுவரில் ஊட்டச்சத்துக் குறைபாட்டுக்கு ஒரு படம் ஒட்டியிருக்கும், குச்சிக் கையும் பானை வயிறுமாக ஒரு குழந்தை. ஐம்பது வயது ஆம்பிளை அந்தப் படத்தில் இருக்கிற குழந்தை மாதிரி என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

கடலூரில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது, வயிற்றில் தண்ணீர் கோத்திருக்கிறது, ரத்தத்தில் புரதம் ரொம்பக் குறைந்துவிட்டது என்றார்கள். அங்கே இருந்த டாக்டர் தலையைத் தூக்காமல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“தண்ணிப் பழக்கம் உண்டா?”

“இல்லீங்க” என்றார் இவர்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் டாக்டர் மேல் கோபப்படவில்லை. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். டாக்டர் என்னைப் பார்த்த அதே பார்வைதான் அது. இதை எழுதும்போதும் என் காதெல்லாம் சுடுகிறது.

சிறுநீரில் புரதம் போகிறதா என்று சோதித்தார்கள். போகவில்லை. நீர் இறங்க மாத்திரை கொடுத்துவிட்டு, “புரோட்டீன் ஜாஸ்தி குடுங்க, முட்டை வெள்ளைக்கரு நல்லது” என்றார்கள். எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. இது என் டிபார்ட்மெண்ட் ஆயிற்றே! மையத்து முட்டையில் கை வைத்தேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், அதில் சீல் குத்தியிருக்கும், எனக்கும் மானம் இருக்கிறது. கடையில் தட்டு தட்டாக வாங்கினேன். காலையில் இரண்டு, மத்தியானம் இரண்டு, சாயங்காலம் இரண்டு. அவரும் மறுக்காமல் தின்றார். அடுத்த தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தால் புரதம் இன்னும் இறங்கியிருந்தது. ஊசி வழியாகப் புரதம் ஏற்றினார்கள். இரண்டு வாரம் கொஞ்சம் தெளிந்தார். பிறகு அதுவும் போன இடம் தெரியவில்லை.

சேத்தியாத்தோப்பிலிருந்து என் அண்ணன் பார்க்க வந்தார். அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். ஊரில் ஆயிரம் பேரிடம் பேசுகிறவர், அதனால் எதற்கும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். வயிற்றைப் பார்த்ததுமே என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“எம்மா, ஒனக்கு நெஜமாவே தெரியாதா, இல்ல மறைக்கிறியா? இது குடிக்கிற வயிறு. எங்க ஊர்ல நாலு பேருக்குப் பாத்துட்டேன்.”

“வாடையே வந்ததில்லண்ணா. பக்கத்துல படுக்கிறவ எனக்குத் தெரியாதா?”

“வாடையே வராத சரக்கெல்லாம் பாண்டில கெடைக்குது. தண்ணி மாதிரி இருக்கும். மாப்ள லோடுக்கு எங்க போறாரு? பாகூருக்கு. பாகூரு எங்க இருக்குது? பாண்டில!”

எங்கள் பக்கத்தில் இது ஒரு வியாதி. யாருக்காவது வயிறு வீங்கினால் போதும், பாண்டிச்சேரி எல்லை எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம். நானும் போட்டேன். டிராக்டரில் அவர் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாய் குடித்தும் பார்த்தேன். வெறும் தண்ணீர். ஆனால் மனசு ஒரு பக்கம் சாய்ந்த பிறகு வெறும் தண்ணீர்கூடச் சாட்சியாகிவிடும். வாடையே வராத சரக்கு என்று அண்ணன்தான் சொல்லிவிட்டாரே. சட்டையை முகர்ந்தேன், தலையணையை முகர்ந்தேன். ஒன்றும் கிடைக்காமல் போகப் போக என் சந்தேகம் வளர்ந்தது. ராத்திரியெல்லாம் கண்ணை மூடாமல் அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருப்பேன். இதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் நான் அவருக்கு எதிராகவே எழுதிக்கொண்டேன்.

சேத்தியாத்தோப்புப் பக்கம் ஓர் ஐயனார் கோவில் இருக்கிறது. குடியை விட நினைக்கிறவர்கள் அங்கே போய்ச் சத்தியம் பண்ணிக் கயிறு கட்டிக்கொள்வார்கள். மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று அவரவர் தைரியத்துக்கு ஏற்றபடி காலம் சொல்லலாம். சொன்ன நாள் முடிந்ததும் அதே கோவிலுக்கு வந்துதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். நடுவில் குடித்தால் ஐயனார் சும்மா விடமாட்டார் என்று நம்பிக்கை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து கட்டிக்கொள்கிற மாப்பிள்ளைகள் உண்டு. அங்கே அழைத்துப் போவது என்று அண்ணனும் நானும் முடிவு பண்ணினோம். அவரிடம் சொன்னேன். “சரி, போலாம்” என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

அன்று வரிசையில் நாற்பது பேராவது இருந்தார்கள். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இவர் மட்டும் வயிறு இழுத்ததால் நிமிர்ந்து நின்றார். சூடத்தை ஏந்திக்கொண்டு பூசாரி கேட்டார்.

“எத்தினி நாளைக்குக் கட்டட்டும்?”

அண்ணன் ஆறு மாதம் என்று சொல்லச் சொல்லியிருந்தார். இவர் என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, “ஆயுசு முழுக்கக் கட்டுங்க” என்றார்.

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பிலிருந்து ஏதோ பெரிய சுமை இறங்கியது. ஒப்புக்கொண்டுவிட்டார்! குடித்தவன்தானே ஆயுசுக்கும் விடுகிறேன் என்று சொல்வான்? மஞ்சள் தடவிய அந்தக் கயிறு அவருடைய மெலிந்த மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றியும் தொளதொளவென்று கிடந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்தவள், நெல்லிக்குப்பம் வந்துதான் கண் விழித்தேன்.

குடியை விட்டுவிட்டார், இனி வயிறு இறங்கும் என்று நாள் எண்ணினேன். இறங்கவில்லை. குடித்தே இல்லாதவருக்கு எதை விட்டால் என்ன இறங்கும்? மூன்றாவது வாரம் டிராக்டரில் ஏறப் போனவர் ஒரு காலை மேலே வைத்தபடியே மூச்சு வாங்கி நின்றுவிட்டார். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கூட இருந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மறுநாள் காலை அவரைச் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

அங்கே எங்களைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண். தலைமுடியை ஒரு கிளிப்பில் அள்ளி முடிந்திருந்தாள். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதான் உள்ளே போகும்போதே நினைத்தேன். அவள் முதலில் கயிற்றைத்தான் பார்த்தாள்.

“இது என்ன கயிறு?”

அவர் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “குடிய நிறுத்துறதுக்கு ஐயனார் கோயில்ல கட்டினதுங்க.”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. அவரையே பார்த்துக் கேட்டாள். “எவ்ளோ குடிப்பீங்க?”

“குடிச்சதில்லீங்க.”

“ஒரு தடவகூட?”

“ஒரு தடவகூட இல்லீங்க, டாக்டர்.”

அவள் குனிந்து எழுதினாள். குடிப்பழக்கம் இல்லை. அவ்வளவுதான். கேட்டாள், சொன்னார், எழுதிவிட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணியவள் பாட்டில் பாட்டிலாக முகர்ந்துகொண்டு திரிகிறேன், இவள் ஒரு நிமிஷத்தில் நம்பிவிட்டாளே என்று. என் வீட்டுக்காரர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

பிறகு அவரைக் கட்டிலில் சாய்வாக உட்கார வைத்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னாள். கழுத்தைத் தொடவேயில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. வெளியே காரிடாரில் ஒரே சத்தம். அவளுக்கு அது எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

“மூச்ச நல்லா உள்ள இழுங்க.”

இழுத்தார். அவள் முகம் மாறியது. “இங்க வாங்கம்மா” என்று என்னைக் கூப்பிட்டாள். “இதோ, இந்த நரம்பப் பாருங்க. மூச்ச இழுக்கும்போது இது அடங்கணும். இவருக்கு ஏறுது.”

பார்த்தேன். காதுக்குக் கீழே விரல் கனத்துக்கு ஒரு ரத்தக்குழாய் புடைத்து நின்றது. மூச்சை இழுத்தால் இன்னும் மேலே ஏறியது. நடுவில் ஒரு துடிப்பில் திடீரென்று உள்ளே விழுந்து, உடனே திரும்ப எழும்பியது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தக் கழுத்தில் நான் மாலை போட்டிருக்கிறேன். கோபம் வந்தால் அந்தக் கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். மாதக்கணக்கில் அந்தக் கழுத்தருகே மூக்கை வைத்து முகர்ந்திருக்கிறேன். உள்ளே நடக்கிறது அத்தனையும் வெளியே எழுதி ஒட்டின மாதிரி அங்கே துடித்துக்கொண்டிருந்தது, எனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை.

“முன்னாடி எப்பவாவது டி.பி. வந்துச்சா?” என்று கேட்டாள்.

வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால். ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாள் தவறாமல் நானே எடுத்துக் கொடுத்தேன். சரியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். நாங்களும் மறந்தே போனோம்.

நெஞ்சைப் பக்கவாட்டில் வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் இதயத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு, சுண்ணாம்பால் வரைந்த மாதிரி. இதயத்துக்கு மேலே மெல்லிசாக ஓர் உறை உண்டாம். டி.பி. கிருமி அதற்குள் புகுந்திருக்கிறது. மாத்திரையில் கிருமி செத்துவிட்டது, ஆனால் அது விட்டுப்போன தழும்பு வருஷக்கணக்கில் தடித்து, சுண்ணாம்பு ஏறி, ஓடாகவே ஆகிவிட்டதாம். பிறகு இருட்டறையில் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். என்னையும் உள்ளே விட்டார்கள். திரையில் அவருடைய இதயத்தைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் கோவில் கர்ப்பக்கிரகத்தில்கூட அப்படி வாயடைத்து நின்றதில்லை. அது துடித்துக்கொண்டிருந்தது. விரியப் பார்க்கும், முட்டி நிற்கும். மறுபடி விரியப் பார்க்கும், மறுபடி முட்டி நிற்கும். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவையோ. ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை.

“துடிக்கிறதுல கொறையே இல்லம்மா. விரியறதுக்குத்தான் எடம் இல்ல” என்றாள் டாக்டர்.

“அதுக்கும் வயித்துக்கும் என்னங்க சம்பந்தம்? நான் குடுத்த முட்டையெல்லாம் எங்க போச்சு?”

அவள் சிரித்துவிட்டு ஒரு தாளைத் திருப்பிப் படம் போட்டாள். அவள் போட்ட படத்தை நான் என் ஊர் வழியாகத்தான் புரிந்துகொண்டேன். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் ஷட்டரை இறக்கிவிட்டால் வெள்ளாற்றுத் தண்ணீர் பின்னால் ஏறிக்கொண்டே போகும். கரை தாங்காத இடத்தில் கசியும். இதயத்துக்குள் ரத்தம் நுழைய இடமில்லாமல் பின்னால் தேங்கியிருக்கிறது. ஈரல் அதனால்தான் வீங்கியது. கால் அதனால்தான் வீங்கியது. குடலிலிருந்து சத்தை எடுத்துக்கொண்டு போகிற மெல்லிய வாய்க்கால்கள் நிரம்பி, அழுத்தம் தாங்காமல், ரத்தத்துக்குப் போகவேண்டிய புரதத்தைத் திரும்பக் குடலுக்குள்ளேயே கசியவிட்டிருக்கின்றன. மலத்தைச் சோதனைக்கு அனுப்பி அதையும் உறுதி செய்தார்கள். நான் உரித்து உரித்துக் கொடுத்த முட்டை எல்லாம் உடம்புக்குள் போய், ரத்தத்தில் சேர்ந்து, மறுபடி குடல் வழியாகவே வெளியேறியிருக்கிறது. கோளாறு நெஞ்சில், ஓட்டை குடலில், பழி மட்டும் பாண்டிச்சேரியில்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்தேன். இவருக்கு ஓர் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு நான் அழுதேன். அவர் இளநீரை உறிஞ்சிக்கொண்டே, “கண்டுபுடிச்சிட்டாங்கல்ல, அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?” என்றார். குடிக்கவில்லை என்று தெரிந்துவிட்டதே, இப்போதாவது நாலு வார்த்தை திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது.

இதயத்தைச் சுற்றியிருக்கிற அந்தச் சுண்ணாம்பு ஓட்டை உரித்து எடுத்தால்தான் பிழைப்பார், அதற்குப் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். போனில் அண்ணனிடம் சொன்னேன். “எங்க?” என்று இரண்டு தடவை கேட்டார். “பாண்டிக்கிண்ணா. பாண்டிக்கிப் போனாத்தான் உசுரு பொழைக்குமாம்” என்றேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் அங்கே இருந்த சர்ஜன் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே மேலிருக்கிற ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பார்களாம். எனக்கு உரிப்பதைப் பற்றித் தெரிந்த ஒரே விஷயத்தைக் கேட்டேன்.

“சில முட்ட உரிக்கும்போது ஓட்டோட வெள்ளையும் பிஞ்சிகினு வந்துடுங்க. அது மாதிரி ஆயிடாதுங்களா?”

“எங்க பயமும் அதுதாம்மா” என்றார். பொய் சொல்லாததற்காக அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்து மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தாள். ஐயனார் கோவில் கயிற்றை வேறு இடத்தில் அறுக்கக் கூடாது. அதுவும் ஆயுசு முழுக்க என்று கட்டியது. நல்ல காரியத்துக்குப் போகிற நேரத்தில் ஆயுசுக் கயிற்றை அறுப்பதா? அவர் கையை நர்ஸிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார்.

“நீ அறு” என்றார்.

கத்தரியை வாங்கி அறுத்தேன். கயிற்றை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். ஐயனாரப்பா, தப்பு பண்ணினது நான், கட்ட வைத்ததும் நான், அறுத்ததும் நான், என்ன செய்வதானாலும் என்னைச் செய் என்று வேண்டிக்கொண்டேன். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் தாண்டி சர்ஜன் வெளியே வந்தார். சாப்பிடாத முகம். ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினார், சோதனைக்கு அனுப்ப வைத்திருந்தார்கள். உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகத் துண்டு துண்டாக ஏதோ இருந்தது. லேசாக ஆட்டினார். கண்ணாடியில் பட்டுக் கல் மாதிரி சத்தம் கேட்டது. ஒரு மனுஷனின் நெஞ்சுக்குள் இருந்த பொருள் அது! “முன்பக்கம் தெறந்ததும் இதயம் அப்பிடியே வெளிய வந்து விரிஞ்சிதும்மா. நான் எத்தினியோ தடவ பாத்திருக்கேன், ஒவ்வொரு தடவயும் ஒரு நிமிஷம் நின்னு பாப்பேன்” என்றார். வெள்ளை பிய்யவில்லை என்றும் சொன்னார். நான் கேட்டதை அவர் ஞாபகம் வைத்திருந்தார்.

அடுத்த நாளிலிருந்து நடந்ததை நேரில் பார்க்காதவர்கள் நம்பமாட்டார்கள். மாதக்கணக்கில் தேங்கியிருந்த நீர் எல்லாம் சிறுநீராக இறங்கியது. பை நிரம்பும், ஊற்றிவிட்டு வருவார்கள், மறுபடி நிரம்பும். நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் காலின் தோல் சுருங்கித் தொங்கியது, பழைய கணுக்கால் எலும்பு வெளியே தெரிந்தது. ஏதோ தொலைந்துபோன பாத்திரம் கிடைத்த மாதிரி அந்த எலும்பைத் தடவிப் பார்த்தேன். புரதம் ஏற மட்டும் மாதங்கள் பிடித்தன. வாய்க்காலில் கசிவு நிற்க நாளாகும், பொறுமையாக இருங்கள் என்றார்கள். மறுபடியும் முட்டை உரித்தேன்.

நாலாவது மாதம் சிதம்பரத்தில் அந்தச் சின்ன டாக்டரிடம் காட்டினோம். ரத்தத்தில் புரதம் கிட்டத்தட்டச் சரியாகிவிட்டது. அவரைக் கட்டிலில் சாய வைத்து, இந்தத் தடவை என்னையே பார்க்கச் சொன்னாள். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளி நின்று, பார்த்தேன். கழுத்து சும்மா கழுத்தாக இருந்தது. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “ஐயோ, என்னம்மா!” என்று அவள் எழுந்துவிட்டாள்.

அங்கிருந்து நேராக சேத்தியாத்தோப்புக்குப் போனோம். அண்ணன் பஸ் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தார். “வாங்க மாப்ள” என்றவர் எங்கள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கோவிலில் அன்றும் வரிசை இருந்தது. அறுந்த கயிற்றை நீட்டியதும் பூசாரியின் முகம் சுளித்தது.

“நடுவுல குடிச்சிட்டாரா?”

வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “இவுரு எப்பவுமே குடிச்சதில்ல. நாங்கதான் தப்பா நெனச்சி இழுத்தாந்து கட்டினோம். தப்பு எங்களுது.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, “ஆமா சாமி” என்றார். பூசாரி கயிற்றை வாங்கி ஐயனார் காலடியில் வைத்துவிட்டு, எங்கள் மூன்று பேருக்கும் விபூதி கொடுத்தார்.

திரும்பும்போது அதே ரூட் பஸ். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான். இத்தனை மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“குடிச்சதே இல்லியே நீங்க. அன்னிக்கி ஏன் ஆயுசு முழுக்கன்னு சொன்னீங்க?”

அவர் வெளியே கரும்பைப் பார்த்தபடியே சொன்னார். “ஆறு மாசம்னு சொன்னா, ஆறு மாசம் கழிச்சி திரும்ப ஆரம்பிப்பன்னு நீ பாட்டில மோந்துகினே இருப்ப. நமக்குத்தான் குடிக்கிற வேலையே இல்லியே. ஆயுசுக்கும்னு சொல்லிட்டா ஒனக்கு நிம்மதி.”

பிறகு அவரே தொடர்ந்தார்.

“மாசக்கணக்கா நீ தூங்கவே இல்ல, தெரியுமா? அன்னிக்கி பஸ்ல ஏறுன ஒடனே தோள்ல சாஞ்சி தூங்கிட்ட. எனக்கு மூச்சு முட்டுச்சி. நீ எழுந்துடுவியேன்னு நெல்லிக்குப்பம் வரிக்கும் அசையல.”

பையில் அவருக்காக வேகவைத்து எடுத்து வந்த முட்டை இரண்டு இருந்தது. ஒன்றை எடுத்து உரித்தேன். பஸ் குலுங்கியதில் வெள்ளை கொஞ்சம் பிய்ந்துவிட்டது. அவர் அதை வாங்கி இரண்டு கடியில் தின்றுவிட்டு, இன்னொன்றுக்கும் கையை நீட்டினார்.